அண்ணியின் மூக்கு

அண்ணி சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுக்கொண்டு நாக்கால் தொட்டுப் பார்க்கிற வழக்கம் அவர் பிறந்த வீட்டிலேயே கிடையாது. அடுப்பில் இருப்பது இன்னும் யாருக்கும் பரிமாறாத உணவு. அதில் சமைக்கிறவள் வாய் வைத்தால் எச்சில். சாமிக்குப் படைக்கிற வீடுகளில் இந்தக் கண்டிப்பு உண்டு. அண்ணியின் வீட்டில் படையல் எல்லாம் பெரிதாக இல்லை, கண்டிப்பு மட்டும் இருந்தது. எட்டு வயதில் கரண்டி பிடித்தவர், ஐம்பதை நெருங்கும் வரை ஒருமுறைகூட ருசி பார்த்துச் சமைத்ததில்லை.

அப்படியானால் உப்பு சரியாக இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்டால், மூக்கைத் தொட்டுக் காட்டுவார். சட்டிக்கு மேலே முகத்தைத் தாழ்த்தி, கண்ணை மூடி, வலது கையால் ஆவியைத் தன் பக்கம் லேசாக அள்ளுவார். பிறகு ஒன்றும் பேசாமல் உப்பு ஜாடிப் பக்கம் கை போகும், அல்லது போகாது. அவ்வளவுதான்.

அவர் கணவரின், அதாவது அண்ணனின், தம்பிக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. அவனைக் 'காத்து' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி, ஹோட்டல், அலுவலகக் கட்டடங்களில் காற்றுக் குழாய்கள் மாட்டுவது அவன் வேலை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் தகரக் குழாய்களை இழுத்து, எந்த அறைக்கு எவ்வளவு காற்று போக வேண்டும், எங்கிருந்து எவ்வளவு வெளியேற வேண்டும் என்று அளந்து பொருத்துகிறவன். பிழைக்க வந்த வெளிநாட்டில் கூட வேலை செய்கிற நம்மவர்கள் வைத்த பெயர் அது. அவன் ஏதாவது வீட்டு மணியை அடித்தால், "காத்து வந்திருக்கு, ஜன்னலச் சாத்துங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டுச் சின்ன அறையில்தான் இருந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் பெயருக்கு ஏற்றபடி எந்த இடுக்கிலாவது நழுவிவிடுவான்.

உப்புக்கு வாசனை கிடையாது என்பது அவன் கட்சி. அண்ணிக்குக் கை பழகிவிட்டது, அளவு தானாக விழுகிறது, மூக்கை நீட்டுவது சும்மா ஒரு பாவனை என்று அண்ணனிடம் சொல்வான். அண்ணன் சிரித்துக்கொண்டே, அதை அவள் காதுபட மட்டும் சொல்லிவிடாதே, நாளைக்கு எனக்கும் சேர்த்துச் சோறு கிடைக்காது என்பார்.

ஆனால் அண்ணி அந்த நாட்டில் நம் வீட்டுச் சமையலை மறுபடி உருவாக்கியது முழுக்க அந்த மூக்கை வைத்துத்தான். வந்த புதிதில் எதுவும் சரிப்படவில்லை. கடையில் கிடைத்த புளி கருப்பாக, ஜாம் மாதிரி மணத்தது. தக்காளி மெழுகு பொம்மைபோல அழகாக இருந்தது, புளிப்பு என்பதே இல்லை. பருப்பு எவ்வளவு வெந்தாலும் திப்பித் திப்பியாக நின்றது, அந்த ஊர்த் தண்ணீர் அப்படி. மற்ற பெண்கள் போன் செய்து அம்மாவிடமும் அக்காவிடமும் அளவு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி அளவு கேட்கவில்லை. அளவு அதேதான், பொருள்தான் வேறு என்று அவருக்குப் புரிந்திருந்தது.

அவருடைய வளையலில் எப்போதும் ஒரு ஊக்கு தொங்கும். மளிகைக் கடையில் மல்லிப் பொட்டலத்தில் அந்த ஊக்கால் யாருக்கும் தெரியாமல் ஒரு குத்துக் குத்தி மூக்கில் வைத்துப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் அடுத்த பொட்டலம். ஒருநாள் கடைக்காரர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். குத்தின பொட்டலங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று கத்தினார். அண்ணி ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது, கீழ் வரிசையில் இருப்பது பழைய சரக்கு, மேலே இருப்பதோடு கலக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதம் கடைக்காரரே புது மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்கம்மா என்று காத்திருந்தார்.

இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்தார். குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்துத் திறந்து வைத்து, மருந்து வாசனை போன பிறகுதான் பருப்பை ஏற்றினார். புளிப்பான பச்சை ஆப்பிளைச் சீவி மாங்காய்ப் பச்சடி செய்தார், சாப்பிட்டவர்கள் மாங்காய் எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். ரொட்டி சுடுகிற ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு, அந்த இளஞ்சூட்டில் தயிர் தோய்த்தார். ஒருநாள் சாப்பிட வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், பெரிய பேச்சுக்காரர், முதல் உருண்டையை வாயில் போட்டவர் கையைத் தட்டிலேயே வைத்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு முகம் கழுவ எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கத்து நம்மவர்கள் எல்லாருக்கும், அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும்கூட, அவர் அண்ணி ஆனார்.

பகலில் அண்ணிக்கு வேலை பஸ் இருக்கைகள் தைக்கிற பட்டறையில். நீள மேசைகள், மேசைக்கு ஒரு கனத்த தையல் இயந்திரம், சுவரோரம் மலைபோல மஞ்சள் பஞ்சுப் பலகை, சுருள் சுருளாக ரெக்சின். அண்ணி பசை மேசையில் இருந்தார். பஞ்சின் மேல் பசை தடவி, அது எப்போது ஒட்டுகிற பதத்துக்கு வருகிறதென்று பார்த்து ரெக்சினைப் போர்த்த வேண்டும். மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். அண்ணி தொட மாட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றதும் வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிடுவார். பசை நாற்றம் மூக்கிலிருந்து இறங்குவதற்கு அந்த நேரம் வேண்டும். மூக்கு தெளிந்தால்தான் வீட்டுக்குப் போய் அடுப்பு.

அண்ணன் குளிர்க்கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். அந்த வருடம் அவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தவரை எந்த வாசனையும் ஆகவில்லை. தரை துடைக்கிற மருந்து, பக்கத்துக் கட்டில்காரரின் சூப், குடிக்கக் கொடுத்த பால் புட்டி, எது மூக்கில் பட்டாலும் குமட்டியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், கொஞ்ச நாளைக்கு நெடியான வாசனை எதுவும் அவர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழைவாக, காரமில்லாமல், பிடித்ததைக் கொடுங்கள் என்றார்.

பிடித்ததைக் கொடுப்பதை அண்ணி எடுத்துக்கொண்டார். வாசனை போகாமல் பார்த்துக்கொள்வதைக் காத்து எடுத்துக்கொண்டான். இது அவன் தொழில். ஒரு ஹோட்டல் சமையலறையைப் பிரித்தபோது கழற்றிய மோட்டார் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு அது ரொம்ப அதிகம் என்று தெரியும், தெரிந்தேதான் கொண்டுவந்தான். அதுவரை அந்த அடுப்புக்கு மேல் ஒன்றும் கிடையாது, பக்கத்தில் ஒரு ஜன்னல் கையளவு திறக்கும், அவ்வளவுதான். இப்போது தகரத்தை வளைத்து, விளிம்பை மடித்து, குழாயை வெளிச்சுவர் வரைக்கும் இழுத்து, சத்தமே வராதபடி ரப்பர் வைத்து ஒரு சிம்னி செய்து மாட்டினான். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பின் மேல் பிடித்துக் காட்டினான். புகை நேரே எழும்பாமல், யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல் வளைந்து ஓடி மறைந்தது.

"என்னப்பா, ஏரோப்ளேன் இஞ்சினக் கழட்டிக் கொண்டாந்து மாட்டிட்டியா?" என்றார் அண்ணி. ஆனால் மகிழ்ச்சிதான். பெருங்காயம் பொரித்தாலும் கூடத்தில் நிற்கிறவருக்குத் தெரியவில்லை. படுக்கையறைக் கதவையும் சாத்திவிட்டால் அண்ணனுக்கு உலகத்தில் வாசனை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அண்ணன் சாப்பிடவில்லை.

ரசம் சாதம் குழைத்துக் கொண்டுபோனால் இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொள்வார். மெல்லுவதைப் பார்த்தால் யாருக்கோ உதவி செய்கிற மாதிரி இருக்கும். பிறகு தட்டை மெதுவாகத் தள்ளி, அப்புறம் சாப்பிடறேன் என்பார். அந்த அப்புறம் வராது. வாரம் ஒருமுறை நர்ஸ் ஒருவர் எடை போடும் கருவியோடு வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. நல்ல மனுஷி, பதமாகத்தான் சொன்னார். அடுத்த முறையும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு செலுத்த வேண்டியிருக்கும். அவர் போன பிறகு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் திரும்பி வர மாட்டேன் என்று அமைதியாகச் சொன்னார். அதில் அழுகை, கோபம் ஒன்றும் இல்லை.

காத்துவுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருந்தது. அண்ணியின் சமையல் சரியாக இல்லை. ஒருநாள் உப்பே இல்லை. ஒருநாள் கரித்தது. புளி கொதிக்காமல் பச்சையாக நின்றது, மிளகு வறுபடாமல் பல்லில் கடித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான், சொல்லவில்லை. உடம்பு முடியாத புருஷனை வைத்துக்கொண்டு, பட்டறைக்கும் போய்க்கொண்டு, நிற்க நேரமில்லாமல் ஓடுகிறவரிடம் போய் உப்பு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அண்ணனும் சொல்லவில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட உட்காரும் அண்ணிக்கு, தன் தட்டில் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். அவரும் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை மூன்று பேரும் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பட்டறையில் அண்ணி மேற்பார்வைக்காரம்மாவிடம் போய், தன்னைப் பசை மேசையிலிருந்து மாற்றிவிடும்படி கேட்டார். எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை அண்ணி, அதனால் அந்தம்மா உடனே வெட்டு மேசைக்கு மாற்றிவிட்டார். அன்று மாலை அண்ணி காத்துவிடம் காரணத்தைச் சொன்னார்.

"பசை என் மூக்கைத் தின்னுடுச்சுப்பா. டப்பாவத் திறந்தா பெருங்காயம் வருது, சீரகம் வருது. கொதிக்கிறப்ப மட்டும் ஒண்ணும் வரல. பெருங்காயம் செத்த மூக்குக்கும்தான் வரும். அது ஒரு கணக்கா?"

வெட்டு மேசைக்குப் போயும் ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் காத்து, தனக்கு நியாயமாகப் பட்டதைச் சொன்னான். ஒரு சொட்டு வாயில் வைத்துப் பாருங்களேன், இந்த ஊரில் எச்சில் என்று யார் சொல்லப் போகிறார்கள், அண்ணன் சாப்பிட்டால் போதாதா? அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றிருந்தார். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு. நாக்கு. கொஞ்சம் உப்பு. மறுபடி ஒரு சொட்டு. மறுபடி நாக்கு. கொஞ்சம் புளித் தண்ணீர். பிறகு தண்ணீர். பிறகு மறுபடி உப்பு. வழி தெரியாத ஊரில் ஒவ்வொரு முனையிலும் நின்று நின்று திரும்புகிறவர் மாதிரி இருந்தது. அவன் நிற்பது தெரிந்ததும் அண்ணி கையை நைட்டிமேல் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கொதிக்கிறப்ப நாக்குல எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாது தம்பி," என்றார். "அத நான் கத்துக்கவே இல்ல."

அன்றைய ரசம்தான் எல்லாவற்றிலும் மோசம். தட்டு போனது போலவே திரும்பியது. அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், லாரி ஓட்டுநர் வீட்டில் அவர் மனைவி நன்றாகச் சமைப்பாளே, இனிமேல் அண்ணனுக்கு அங்கேயிருந்து வாங்கி வர முடியுமா என்று கேட்டார். எந்தப் பொருளும் சரியில்லாத ஊரில் வெறும் மூக்கை வைத்து ஒரு வீட்டையே கட்டி எழுப்பிய மனுஷி, அடுத்த வீட்டுச் சோற்றுக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார். கேட்டுப் பார்க்கிறேன் அண்ணி என்றான் காத்து. நர்ஸ் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று ரசம் வைத்தார். காத்துவுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. சிம்னியின் சல்லடையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், கழற்றிக் கழுவலாம் என்று முக்காலியைப் போட்டு ஏறினான். அண்ணி கீழே கிளறிக்கொண்டிருக்க, அவன் சிம்னியின் வாய்க்குள் தலையை விட்டுத் திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"அண்ணி, புளி இன்னும் பச்சையா இருக்கு," என்றான், வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சில அடிக்குதே."

"எனக்கு ஒண்ணும் வரலையே."

அவன் கை திருகாணியிலேயே நின்றது. மெதுவாகக் குனிந்து பார்த்தான். சட்டியிலிருந்து எழும் ஆவி அண்ணியின் முகம் வரைக்கும் வரவில்லை. ஒரு சாண் எழும்பியதும் பின்னால் வளைந்து, சுவரை ஒட்டி ஓடி, அவன் தலையைச் சுற்றிக்கொண்டு மேலே மறைந்தது. அண்ணி வழக்கம்போல் முகத்தைத் தாழ்த்தி, கண்ணை மூடி, கையால் அள்ளிக்கொண்டுதான் இருந்தார். அள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எத்தனையோ கட்டடங்களில் காற்று எங்கே போகிறதென்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன், தன் வீட்டு அடுப்பில் அது எங்கே போகிறதென்று அன்றுவரை பார்க்கவில்லை.

அவன் முக்காலியிலிருந்து இறங்கினான். அண்ணியை ஏறச் சொன்னான்.

"இந்த வயசுல என்னைக் குரங்காட்டம் ஏறச் சொல்றியா?"

"ஏறுங்க அண்ணி. ஒரே ஒரு தடவ."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணி ஏறினார். நைட்டியை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையைச் சிம்னிக்குள் நீட்டினார். நரைத்த முடி நாலைந்து இழை எழும்பி மேல்நோக்கி ஆடின. சிரிப்பு வர வேண்டிய காட்சி. காத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடி வெகு நேரம் அசையாமல் நின்றார்.

"எல்லாம் இங்கதான் இருக்கா," என்றார் பிறகு. வெகு நாளாகத் தேடிய ஆளை வேறொரு தெருவில் பார்த்துவிட்ட குரல்.

அப்புறம் மேலிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். புளி இன்னும் ரெண்டு கொதி வேண்டும். சீரகம் நேற்று இடித்தது, வீரியம் போய்விட்டது, புதிதாக இடிக்க வேண்டும். பருப்புத் தண்ணீர் பற்றாது. அதைவிட, உப்பு போடவே இல்லை. போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், போடவில்லை.

காத்து மோட்டாரை நிறுத்தினான். சத்தமே இல்லாத இயந்திரம் என்று பெருமைப்பட்டவன், அது நின்ற பிறகுதான் அதற்கும் ஒரு சத்தம் இருந்ததைக் கேட்டான். ஆவி ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு பரந்து, கீழே இறங்கி, இரண்டு பேர் முகத்தையும் தடவிக்கொண்டு போனது.

அண்ணி இறங்கி உப்பு ஜாடியை எடுத்தார். அவனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷச் சந்தேகத்தை அன்றுதான் வாய்விட்டுக் கேட்டான்.

"உப்புக்கு ஏது அண்ணி வாசனை?"

"உப்புக்கு வாசனை கிடையாது. உப்பு விழுந்தாத்தான் மத்ததெல்லாம் எழுந்திரிக்கும். இங்க வா. முதல்ல இத மோந்து பாரு."

அவன் சட்டிமேல் குனிந்தான். ரச வாசனைதான். எல்லாம் கலந்து, மந்தமாக, ஒரே வாசனை. அண்ணி விரல் நுனியில் உப்பை எடுத்துத் தூவி, கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினார். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினார். பிறகு, இப்போ பார் என்றார்.

அவன் மறுபடி குனிந்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சை விட்டு, நிதானமாக இழுத்தான். மிளகு தனியாக வந்தது. அதன் பின்னால் மல்லி. அதற்கும் பின்னால், அதுவரை இருந்ததாகவே தெரியாத பூண்டு. பின்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக எழுந்து நிற்பதுபோல் இருந்தது. அவனுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. வாசனை என்றால் வெளியேற்ற வேண்டிய ஒன்று என்பதுதான் அவன் கற்ற தொழில். அதற்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணி வாழ்நாள் முழுக்க, தினம் இரண்டு வேளை, இந்தக் கூட்டத்தை அழைத்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைத்தான் அவன் பாவனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அண்ணிக்கு அவன் சிலிர்ப்பைக் கவனிக்க நேரமில்லை. சீரகத்தைப் புதிதாக இடித்துப் போட்டு, புளியைக் கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீரை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கினார். சின்னக் கரண்டியில் நெய்யைக் காய வைத்துக் கடுகு போட்டார். கடுகு வெடித்து, கறிவேப்பிலை சடசடத்ததும், கூடத்துக் கூரையில் இருந்த புகை அலாரம் வீடே அதிரும்படி கத்த ஆரம்பித்தது.

காத்துவுக்கு அப்போதுதான் டாக்டர் சொன்னது நினைவு வந்தது. வாசனை மட்டுமல்ல, புகையே கூடத்தில் நின்றது. துண்டை விசிறி அலாரத்தை அடக்கிவிட்டு, அண்ணனின் கதவைச் சாத்த ஓடினான். கதவு ஏற்கனவே பாதி திறந்திருந்தது. அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"மூடாதடா," என்றார். "யார் வீட்டுல தாளிக்கிறாங்க?"

"நம்ம வீட்டுலதாண்ணே. குமட்டுதா?"

அண்ணன் மூக்கை உயர்த்தி ஒரு முறை இழுத்தார். பிறகு இன்னொரு முறை. குமட்டவில்லை.

"இத்தன நாளா எங்கடா போச்சு இது?"

"நான்தாண்ணே இழுத்து வெளிய விட்டுட்டிருந்தேன்."

அண்ணனுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள அவர் நிற்கவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் தானே நடந்து வந்தார். வாசனை படாத அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, பசி எடுக்கவில்லையே என்று அவருக்காக அழுதுகொண்டிருந்தது எவ்வளவு பெரிய கூத்து என்று காத்துவுக்கு அப்போது உறைத்தது. பசிக்கு வழி சொல்ல ஆளே அனுப்பவில்லை, அது எப்படி வரும்?

அண்ணி ஆச்சரியம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. முக்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தார். சோற்றைக் கையாலேயே மசித்து, ரசத்தை ஊற்றி, தட்டை நீட்டினார். அண்ணன் அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் வாயை விழுங்கிவிட்டு வயிற்றைக் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பிறகு இரண்டாவது. பிறகு நிறுத்தவில்லை. தட்டு காலியானதும் டம்ளரை நீட்டி ரசம் கேட்டார். அதுவும் காலியானதும் மறுபடி சோறு கேட்டார்.

"போதுங்க. குடல் தாங்காது. சாயங்காலம் சுடச்சுட வெச்சித் தரேன்."

"இத்தன நாளா சாப்பிடு சாப்பிடுன்னு உயிர வாங்கின. இப்ப சாப்பிட்டாப் பிடுங்குற."

"பிடுங்கத்தான் செய்வேன்," என்றார் அண்ணி. சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி, ஏற்கனவே சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். துண்டு ஒரே இடத்தில் வெகு நேரம் போய்ப் போய் வந்தது. காத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

நர்ஸ் வந்த அன்று, வாசலில் நுழைந்ததுமே அவருக்கு நடை தயங்கியது. என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணனை எடை போட்டார். நம்பாமல் இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார். முள் முதல் முறையாக மேலே போயிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் மேலே. ஆஸ்பத்திரியும் வேண்டாம், குழாயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கருவியைப் பைக்குள் வைத்தார்.

அண்ணி அதைக் கேட்கக் கூடத்துக்கு வரவில்லை. சமையலறையில் இருந்தார். சிம்னி ஓடவில்லை. தாளித்து முடித்து அண்ணி சொன்ன பிறகுதான் அதை ஓட விடுவது என்று ஆகியிருந்தது. காத்து செய்தியை வாயில் வைத்துக்கொண்டு ஓட்டமாக வந்தான். அண்ணி சட்டிமேல் குனிந்திருந்தார். கண் மூடியிருந்தது. வலது கை ஆவியை அள்ளிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் இடது கையை மட்டும் உயர்த்தி, 'இரு' என்று காட்டினார்.

அவன் வாசலிலேயே நின்றான். ஆவி நேராக எழும்பி அவர் முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது கலைந்துவிடக் கூடாது என்று, சொல்ல வந்ததையும் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொண்டு நின்றான்.